பரிமளா கழுத்தில் பாசிமணி

நெல்லைக் கடித்தே வயசு சொல்லிவிடுவேன். உத்திரமேரூரில் எங்கள் மண்டிக்கு எந்த மூட்டை வந்தாலும் ஒரு மணியை வாயில் போட்டால் போதும். போன போகமா, அதற்கு முந்தியதா, புதுசில் பழசைக் கலந்திருக்கிறார்களா, எல்லாவற்றையும் பல் சொல்லிவிடும். இப்படி ஒரு பல்லை வைத்துக்கொண்டு சொந்த வீட்டில் ஏமாறக் கூடாது என்று சபதம் எடுத்தேன்.

காரணம், என் மனைவி பரிமளாவின் கழுத்தில் திடீரென்று முளைத்த பாசிமணி மாலை. பச்சையும் கறுப்புமாக மணிகள். அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை.

"இது ஏது?"

"ஏன், நல்லா இல்லியா?"

"யாரு குடுத்தது?"

"பேரச் சொன்னா சும்மா இருப்பீங்களா?"

"நான் இன்னா பண்ணப் போறேன்?"

"அப்ப வுடுங்க. ஞாயித்துக்கெழம சாலவாக்கத்துல ஸ்ரீகாந்த் பொண்ணுக்குக் காதுகுத்து. இதத்தான் போட்டுக்கினு வரப்போறேன்."

ஸ்ரீகாந்த் அவளுடைய அத்தை மகன். முறைப்பையன். நான் பெண் பார்க்கப் போயிருக்காவிட்டால் பரிமளா அவனுக்குத்தான் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவன் வீட்டுப் பந்தியில் எனக்கு மட்டும் இரண்டாவது வடை வந்ததில்லை. தலையில் முடி வேறு அப்படியே இருக்கிறது அந்த ஆளுக்கு.

கணக்கு சுலபம். மாலை எங்கள் கல்யாணத்துக்குப் பிந்தியது என்றால் பிழைத்தேன். முந்தியது என்றால் ஸ்ரீகாந்த்.

அவள் குளிக்கப் போனபோது மாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனேன். போனில் படம் எடுத்துத் தேடினேன். நிழலில் எடுத்த படத்துக்கு இத்தாலி என்றது. வெயிலில் எடுத்ததற்கு ஆப்பிரிக்கா. நெல் மூட்டை மேல் வைத்து எடுத்ததற்குப் பச்சைப் பட்டாணி என்றது.

போனைத் தூக்கிப் போட்டுவிட்டு நூலைப் பார்த்தேன். ஓரிடத்தில் மஞ்சள். ஓரிடத்தில் தேங்காய் எண்ணெய். கொக்கிப் பக்கம் பவுடர். எத்தனை வருஷம் கழுத்தில் கிடந்திருந்தால் இத்தனை ஏறும்?

கடைசியாக ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தேன். பிளாஸ்டிக் என்றால் நசுங்கும். இது நசுங்கவில்லை. என் பல்தான் தெறித்தது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பரிமளா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாலையை அவள் முன்னால் வைத்தேன்.

"இது அசல் கண்ணாடி மணி. ரொம்பப் பழசு. கல்யாணத்துக்கு முந்தினது."

"அப்பிடியா? எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

"கடிச்சிப் பாத்தேன்."

"மாலையவா?"

"ஸ்ரீகாந்த் குடுத்ததுதான?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பழசெல்லாம் எதுக்குக் கெளறிக்கினு? வெறும் தாலிக்கயித்தோட அங்க போயி நிக்க முடியுமா? வேற இன்னா கீது எனக்கு?"

செயின் வாங்கித் தருகிறேன் என்று ஒவ்வொரு போகத்துக்கும் சொல்லி, அடுத்த போகத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். மறுநாள் காலை காஞ்சிபுரம் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினேன்.

"அதக் கழட்டு. இதப் போடு."

"இப்ப எதுக்குங்க இவ்ளோ செலவு?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் கொக்கியை மாட்டிவிட்டாள்.

காதுகுத்தில் ஸ்ரீகாந்த் கண்ணில் படும்படி அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன். அவன் செயினையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. பந்தியில் என் இலையில் இரண்டு வடை வைத்தான். பல் வலியில் ஒன்றைக்கூடத் தின்ன முடியவில்லை. ஆனாலும் ஜெயித்தது நான்தான்.

அடுத்த நாள் தோட்டத்தில் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு சுலோச்சனாவின் குரல் கேட்டது.

"வேல முடிஞ்சிட்ச்சா பரிமளாக்கா? மாலையக் குடு. இந்த வாரம் என் மொற."

"பத்தரம். எதுத்த வூட்டு ஆண்டாளம்மா இத வெச்சித்தான் ஒட்டியாணமே வாங்குனாங்க."

"எனக்கு அத்த பையன் யாரும் இல்லியேக்கா. இன்னான்னு சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்லாத. நான் சொன்னனா? தலையக் குனிஞ்சிக்க. மிச்சத்த அவங்களே கண்டுபுடிச்சிக்குவாங்க."

வாயில் இருந்த தண்ணீரை விழுங்கிவிட்டேன். நூலில் ஏறியிருந்தது பல வருஷம் இல்லை. பல கழுத்து.

வாரக் கடைசியில் சுலோச்சனாவின் புருஷன் ராஜாராம் மண்டிக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பேப்பரில் சுற்றியிருந்ததைப் பிரித்து என் முன்னால் வைத்தார். பச்சையும் கறுப்புமாக மணிகள்.

"அண்ணே, இது எந்தக் காலத்துதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நீங்க கடிச்சா தப்பாவே இருக்காதாம். பரிமளா அண்ணிதான் அனுப்பிச்சாங்க."

செயின் போட்ட கழுத்து கண்ணில் வந்து நின்றது. சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தான் நான் போயாக வேண்டும்.

இந்த முறை இடது பக்கம் வைத்துக் கடித்தேன்.

"ரொம்பப் பழசு ராஜாராம். உன் கல்யாணத்துக்கு முந்தினது."