வெதர்பி திறக்காத கடிதம்

இரண்டு உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கனகலிங்கம் மழுங்கிய கத்தியால் மெல்லப் பிரித்தபோது, பின்னால் இருந்த உறையின் அரக்கு முத்திரை உடையாமல் இருப்பதைக் கண்டார். நூற்று நாற்பது வருடமாக யாருமே திறக்காத கடிதம்.

லண்டனில் தபால் பிரிக்கும் நிலையமொன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர் அவர். ஓய்வுபெற்ற மூன்றாம் வாரமே, தோர்ண்டன் ஹீத் வீட்டில் மனைவி சிவனேஸ்வரியின் சமையலறைப் போத்தல்களையெல்லாம் அகரவரிசையில் அடுக்கி அவளை அழவைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் மெலனி என்ற புண்ணியவதி தன் காப்பகத்தில் அவரைத் தொண்டராகச் சேர்த்துக்கொண்டாள். ஆசியாவைச் சுற்றிய ஐரோப்பியப் பயணிகளும் அறிஞர்களும் ஒருவருக்கொருவர் எழுதிய பழைய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கும் வேலை. கிழமைக்கு மூன்று நாள். அவர் வீட்டை விட்டுப் புறப்படும் அந்த மூன்று காலைகளிலும் சிவனேஸ்வரி சாமிப்படத்தின் முன் நின்று மெலனி நன்றாக இருக்கவேண்டுமென்று கும்பிட்டாள்.

உறையில் அனுப்பியவர் பெயர் கின்ராஸ். பெறுபவர் வெதர்பி.

காப்பகத்துக்கு வரும் ஆராய்ச்சியாளர்கள் எல்லோருக்கும் இந்த இருவரையும் தெரியும். கின்ராஸ் திபெத் எல்லை மலைகளில் அலைந்தவர். வெதர்பி லண்டனை விட்டு நகராமல் சமஸ்கிருதச் சுவடி படித்தவர். நேரில் ஒருமுறைகூடச் சந்திக்காமல் பதினொரு வருடம் உயிர்நண்பர்களாக எழுதிக்கொண்டார்கள். வெதர்பி ஒரு சுவடியைப் பற்றிக் கேட்டால் கின்ராஸ் யாக் எருமைப் பாற்கட்டியைப் பற்றிப் பதில் எழுதுவார். அதில் ஆழ்ந்த தத்துவம் இருப்பதாகப் பேராசிரியர்கள் சொன்னார்கள். ஒருநாள் வெதர்பி தன் மனைவி இறந்துபோனதை எழுதினார். ‘மிக்க மகிழ்ச்சி, இதுபோல் இன்னும் பல நல்ல செய்திகள் வரட்டும்’ என்று கின்ராஸ் பதில் போட்டார். அதோடு நட்பு முறிந்தது. அந்த ஒரு வரியைப் பற்றியே மூன்று புத்தகங்கள் வந்துவிட்டன.

மெலனி அந்தக் கிழமை விடுமுறையில் இருந்தாள். அவள் வரும்வரை கனகலிங்கம் பொறுத்திருக்கலாம். ஆனால் சேரவேண்டிய இடம் சேராத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரால் தேநீர்கூடக் குடிக்க முடியவில்லை. வருகைப் புத்தகத்தில் தேடி, வெதர்பியின் கொள்ளுப்பேத்தி ஹெலனைத் தொலைபேசியில் அழைத்தார். உள்ளே என்ன இருக்கும் என்று அவள் கேட்டாள். மன்னிப்பாகத்தான் இருக்கும் என்று ஆறுதலாகச் சொல்லிவைத்தார். ஹெலன் அழுதாள்.

பிறகு அனுப்பியவர் பக்கமும் நியாயம் செய்யவேண்டும் என்று தோன்றியது. கின்ராஸின் வாரிசு டங்கனை அழைத்தார். மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் டங்கன் கொதித்துப்போனார். தங்கள் குடும்பம் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை என்றார். அவரைத் தணிப்பதற்காக, ஒருவேளை வெதர்பிதான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எழுதியிருக்கலாம் என்றார் கனகலிங்கம்.

அன்று பின்னேரம் வீட்டில் விசாரணை நடந்தது.

"ஏனப்பா ரெண்டு பக்கத்துக்கும் போன் எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி.

"கடிதமெண்டா விலாசக்காரரிட்டைப் போய்ச் சேரத்தானே வேணும். அனுப்பினவருக்கும் ஒரு மரியாதை இருக்கல்லோ."

"மெலனி உங்களை நிப்பாட்டினால் திரும்பவும் என்ரை குசினிக்குத்தானே வருவியள்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை இரு தரப்பும் காப்பகத்துக்கு வந்தன. ஹெலன் நான்கு உறவினர்களோடும் டங்கன் ஒரு வக்கீலோடும் வந்தார்கள். மெலனி விடுமுறையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருந்தாள். திறக்காத கடிதம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை வக்கீல் எழுப்பினார். ஒருவரும் தன்னிடம் கேட்காதபோதும் கனகலிங்கம் தொழில்முறையில் கருத்துச் சொன்னார்: பெறுபவர் ஏற்காத கடிதம் அனுப்பியவருக்கே திரும்பவேண்டும். ஹெலனின் உறவினர்கள் எழுந்துவிட்டார்கள். அவர்களை உட்காரவைப்பதற்காக, வெதர்பி ஏற்காவிட்டால் கடிதம் அவருடைய காகிதங்களோடு இந்தக் கட்டடத்துக்குள் வந்திருக்காதே என்றார். இப்போது டங்கன் எழுந்தார்.

"கனா, தயவுசெய்து இனி எதுவும் பேசவேண்டாம்" என்றாள் மெலனி.

இதுதான் தன் கடைசி நாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. மூலையில் இருந்த நாற்காலியில் போய் ஒடுங்கி உட்கார்ந்தார். இத்தனை நாள் இங்கே இருக்கவிட்டதற்கு மெலனிக்கு எப்படி நன்றி சொல்லிவிட்டுப் போவது என்று மனதுக்குள் ஆங்கிலத்தில் வசனம் தேடினார்.

மற்றத் தரப்பு படிப்பதை யாரும் நம்பவில்லை. கடைசியில் வக்கீலே படிக்கட்டும், ஹெலனின் உறவினர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. மெலனி கையுறை போட்டு முத்திரையை அகற்றினாள்.

வக்கீல் வாடகை ஒப்பந்தம் படிப்பவரைப் போலப் படித்தார். ஒரு வருடமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை என்று கின்ராஸ் தொடங்கியிருந்தார். உங்கள் கடிதங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் பனிக்கணவாய்களைக் கடந்தேன். காய்ச்சலில் கிடந்தபோது அவற்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். அவை இல்லாவிட்டால் உயிரோடு திரும்பியிருக்க மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் நன்றி, நன்றி என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தார்.

மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. டங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெலனி கனகலிங்கத்தின் பக்கம் திரும்பி, இதைக் கண்டெடுத்ததற்கு நன்றி என்றும் திங்கட்கிழமை வழமைபோல வரவேண்டும் என்றும் காதோடு சொன்னாள். அவருக்குத் தேடிவைத்த ஆங்கிலமெல்லாம் மறந்துபோயிற்று.

ஹெலனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"இவ்வளவு அன்பு இருந்தவர், என் கொள்ளுப்பாட்டி செத்ததற்கு எதற்காக மகிழ்ச்சி என்று எழுதினார்?" என்று கேட்டாள்.

வக்கீல் தாளைத் திருப்பினார்.

"இன்னும் ஒரு வரி இருக்கிறது, மேடம்: ‘இதுவரை சொல்ல வெட்கப்பட்டேன் நண்பரே, இந்தப் பதினொரு வருடத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு சொல்லைக்கூட என்னால் வாசிக்க முடிந்ததில்லை.’"