நாற்பத்தொரு தாளுக்கும் ஒரே விடை

மிச்சம் (Mitcham), லண்டன்.
22 நவம்பர் 2009, ஞாயிறு.

அன்புள்ள தம்பி பாஸ்கரனுக்கு,

அக்கா சிவனேஸ்வரி எழுதிக்கொள்வது. நீயும் ஷோபாவும் லக்‌ஷனும் சிங்கப்பூரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இதற்குள் தொலைபேசியில் சொல்லியிருப்பாய். நானும் நலம் என்று எழுதுவது முறை. எழுபதை எட்டிப் பார்க்கிற முழங்கால்களைக் கணக்கில் எடுக்காவிட்டால் உடம்பில் குறையொன்றும் இல்லை. மற்றதெல்லாம் கெட்டுவிட்டது. தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். மின்னஞ்சலில் எழுதினால் லக்‌ஷன்தான் உனக்கு வாசித்துக் காட்டுவான். ஆகவே தபாலில் எழுதுகிறேன். தனியே இருந்து முழுவதையும் வாசி.

விடயம் இதுதான்: நான் படிப்பை விடப் போகிறேன். நான் விடாவிட்டாலும் பல்கலைக்கழகம் என்னை விட்டுவிடும் போலிருக்கிறது. டிசம்பர் நான்காம் திகதி என்மீது விசாரணை. ஆய்வுத் தரவுகளை நானே கற்பனை செய்து எழுதினேன் என்பது குற்றச்சாட்டு. முப்பத்தொரு வருடம் பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்து, பெட்டைகளின் கைக்குட்டைக்குள்ளிருந்தும் பின்னலுக்குள்ளிருந்தும் துண்டுக் கடதாசி பிடித்த உன் அக்கா, அறுபத்தொன்பதாவது வயதில், கணினியில் பொருத்திய கமராவின் முன்னால் இருந்து, மோசடிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தொடக்கி வைத்தவன் நீ. இங்குள்ள மருத்துவ நிலையம் ஒன்றில் கிழமைக்கு இரண்டு நாள் தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறேன் என்று நான் உனக்குச் சொன்னேன் அல்லவா. அங்கே உள்ள ஆலோசகர் இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, நல்லவள். எப்படி இருக்கிறது என்று கேட்பாள். வந்திருப்பவள் என்னைப் பார்த்து, "நெஞ்சுக்குள்ள ஒரு கல்லுக் கிடக்கு அக்கா, சோறு இறங்குதில்லை" என்பாள். நான் மொழிபெயர்ப்பேன். பிள்ளை அதைக் கவனமாக எழுதிக்கொண்டு, இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க அனுப்பிவைப்பாள். மொழிபெயர்ப்பவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன், அது எனக்கு எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியும். உளவியலில் பட்டம் இருந்தால் தமிழ்ப் பெண்களுக்கென ஒரு குழுவை நீங்களே நடத்தலாம் என்று நிலையத்தின் பொறுப்பாளர் சொன்னார். அதை நான் வாய் தவறி உனக்குச் சொன்னேன். அடுத்த நாளே நீ இணையத்தில் தேடிப்பிடித்து, "அக்கா, எந்தப் பாடத்தில பட்டம் இருந்தாலும் காணும், ரெண்டு வருசத்தில உளவியலுக்கு மாத்திவிடுவினம், வீட்டில இருந்தே படிக்கலாம்" என்று சொன்னாய். 1964இல் கொழும்பில் பெற்ற தாவரவியல் பட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, சென்ற வருடம் சேர்ந்தேன். இந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு அந்த நிலையத்தில் வரிசை கதவுக்கு வெளியே போய்விட்டது. ஏன் என்று உனக்கு எழுதத் தேவையில்லை. இன்னும் தொடங்காத என் குழுவுக்குப் பதினொரு பெண்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நான் விடுவது படிப்பை என்றால் கவலையில்லை. விடுவது அந்தப் பதினொரு பேரை.

இணையத்தில் படிப்பது எப்படியென்றால், வகுப்பில் முப்பது பேர், ஒருவர் முகமும் தெரியாது. ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒன்று எழுதிப் போட வேண்டும், மற்றவர் எழுதியதற்குக் கருத்தும் சொல்ல வேண்டும். ஒரு பெடியன் மூளையின் இடதுபக்க வேலையை வலதுபக்கத்துக்குக் கொடுத்திருந்தான். "பிழை. திரும்ப வாசிக்கவும்" என்று எழுதினேன். பதினேழு பேர் அவனுக்கு ஆறுதல் சொல்லி எழுதினார்கள். மேற்பார்வையாளர் பீற்றர் எனக்குத் தனியாக மடல் அனுப்பினார். கருத்துச் சொல்வதானால் முதலில் ஒரு நல்ல விடயத்தைக் குறிப்பிட வேண்டுமாம். அடுத்த கிழமை, "உமது எழுத்தின் அளவு என் கண்ணுக்கு வசதியாக இருக்கிறது, எழுதியது முழுவதும் பிழை" என்று எழுதினேன். அதற்கும் மடல் வந்தது. பீற்றருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னைச் 'சிவா' என்று அழைக்கிறார். அப்பா உயிரோடு இருந்திருந்தால், எங்கள் ஊர்ச் சலூன்காரன் சிவாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். ஆனால் மனிதர் நேர்மையானவர், அதையும் எழுதவேண்டும்.

இரண்டாம் வருடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். புலம்பெயர்ந்த தமிழ் முதியோரின் தனிமை என்று தலைப்பு வைத்தேன். இருபது கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை நான்கு பெட்டிகள், ஒன்றில் சரி போட வேண்டும், பெயர் எழுதக் கூடாது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு பதினான்கு பக்கப் படிவம் ஒன்றை நிரப்ப வைத்து அனுமதி தந்தது. பங்குபற்றுபவர் எந்த நேரமும் காரணம் சொல்லாமல் விலகலாம். தான் கொடுத்த விடையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆய்வாளர் அறையில் நின்று செல்வாக்குச் செலுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் கையொப்பம் வைத்தேன். இங்கே புதன்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் எங்கள் முதியோர் சங்கம் கூடும். தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா, ஊரில் தபாலதிபராக இருந்தவர், இன்றைக்கும் யாரையும் முத்திரை குத்துகிற மாதிரித்தான் பார்ப்பார். அவரிடம் சொன்னேன். அவர் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்து, "ரீச்சர் சோதினை வைக்கிறா, பிந்தாமல் வாங்கோ" என்று சொல்லியிருக்கிறார்.

நாற்பத்தொரு பேர் வந்தார்கள். பொங்கலுக்கு உடுத்துகிற சேலை, நெற்றியில் திருநீறு, கையில் கூர் சீவிய பென்சில், அழிறப்பர். வரிசை வரிசையாக இருந்துவிட்டார்கள். இது பரீட்சை இல்லை, சரி விடை பிழை விடை என்று எதுவும் இல்லை என்றேன். முன்வரிசையிலிருந்து நாகேஸ்வரி, என்னோடு ஒரே பாடசாலையில் மனையியல் படிப்பித்தவள், கையை உயர்த்தி, "சரியான விடை இல்லாட்டி ஏன் கேள்வி கேக்கிறியள் ரீச்சர்?" என்றாள். உங்கள் மனதில் உள்ளதைப் போடுங்கள் என்றேன். "பாஸ் மார்க் எவ்வளவு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விரும்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம் என்று விதிப்படி வாசித்தேன். ஒருவரும் அசையவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "ஆரும் எழும்பக் கூடாது, ரீச்சருக்கு மரியாதையில்லை" என்றார். சுயவிருப்பம் அத்தோடு முடிந்தது. நானும் விதிப்படி அறையை விட்டு வெளியேறி, சமையலறையில் தேத்தண்ணிக்குப் பால் காய்ச்சினேன். அரை மணித்தியாலம் கழித்து வந்தபோது தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எல்லோர் முகத்திலும் ஒரு நிறைவு. அந்த முகங்களை நான் முப்பத்தொரு வருடம் பார்த்திருக்கிறேன். அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

வீட்டில் இருந்து கணினியில் பதிந்தேன். ஐந்தாவது தாளில் ஒரு சந்தேகம், பத்தாவதில் ஒரு பயம், இருபதாவதில் எழுந்துபோய் முகம் கழுவினேன். நாற்பத்தொரு தாள், இருபது கேள்வி, ஒரு சரிக்குறி மாறவில்லை. தனிமையாக உணர்கிறேன், ஒருபோதும் இல்லை. என் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிறது, எப்போதும். இப்பேர்ப்பட்ட சந்தோசம் தேவலோகத்திலும் கிடையாது. புள்ளிவிபர மென்பொருளில் போட்டால், ஆளுக்கு ஆள் வித்தியாசம் பூச்சியம், கணிப்பதற்கு ஒன்றுமில்லை என்று கைவிரித்தது. மறைக்கத் தெரியாத நான் அதை அப்படியே பீற்றருக்கு அனுப்பினேன். நான்கு நாள் சத்தமில்லை. பிறகு வந்த மடலில் 'சிவா' இல்லை. திருமதி, முழுப்பெயர், விசாரணைத் திகதி.

நாகேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஆளைப் பாத்து ஆள் எழுதினனீங்களோ?"

"சீ, கொப்பியடிக்கேல்லை ரீச்சர். கலந்து பேசித்தான் போட்டனாங்கள். முதல்ல அவையவை தங்கடபாட்டில போட்டவை. பிறகு ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை எழும்பிச் சொன்னார், ஆளுக்கொரு விடை போட்டால் ரீச்சர் வடிவாப் படிப்பிக்கேல்லை எண்டு வெள்ளைக்காரன் நினைப்பான் எண்டு. அதுக்குப் பிறகு அவர் ஒவ்வொண்டா வாசிக்க, நாங்கள் அழிச்சிட்டுச் சரியான விடையைப் போட்டனாங்கள்."

"எது சரியான விடை எண்டு ஆர் சொன்னது?"

"கேள்வியிலயே தெரியுதே. பிள்ளையள் எங்களை வடிவாப் பாக்கிறாங்கள் எண்டுதானே போடவேணும். இதென்ன, உதவிக்காசு கேட்டுக் கவுன்சிலுக்குக் குடுக்கிற பெனிபிட் ஃபோமோ, இல்லாத நோய் வருத்தமெல்லாம் எழுத?" தொலைபேசியை வைக்கமுன், "எத்தினை மார்க் ரீச்சர்?" என்று கேட்டாள்.

அழித்துவிட்டு என்றாள் அல்லவா. காலை வெளிச்சத்தில் தாள்களை யன்னற் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பென்சிலை அழிறப்பர் அழிக்கும். அழுத்திய பள்ளத்தை அழிக்காது. முதலில் போட்ட சரிகள் அத்தனையும் கடதாசியில் கிடந்தன. 'நாள் முழுவதும் ஒருவரோடும் பேசாமல் இருக்கிறேன்' என்பதற்கு இருபத்தாறு பேர் 'எப்போதும்'. ஒருவர் இருபதுக்கும் தனிமையைச் சொல்கிற பெட்டியிலேயே சரி போட்டு, பிறகு இருபதையும் அழித்திருந்தார். அழித்த இடத்தில் கடதாசி கிழிந்திருந்தது. பெயர் இல்லை. ஆனால் இத்தனை வருடம் தாள் திருத்தியவளுக்கு ஒரு சரிக்குறியின் வால் போதும். அது யாரென்று உனக்கு எழுத மாட்டேன்.

இப்போது என் நிலையைப் பார். இந்தத் தாள்களைக் கமராவுக்கு முன்னால் பிடித்தால் போதும், நாற்பத்தொரு கை, நாற்பத்தொரு விதமான பள்ளம், நான் கற்பனை செய்யவில்லை என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். மானமும் மிஞ்சும், ஆய்வும் மிஞ்சும், அதுவும் நல்ல ஆய்வு. ஆனால் கொடுத்த விடையை எப்போதும் திரும்ப எடுக்கலாம் என்று கையொப்பம் வைத்தவள் நான். அழித்தது திரும்ப எடுத்ததுதான். அழித்ததைத் தோண்டி எடுத்து நான்கு பேருக்குக் காட்டுகிறவள், நெஞ்சுக்குள் கல்லு என்று வருகிறவளிடம் என்னை நம்பிச் சொல்லு என்று கேட்க முடியாது. எப்படி யோசித்தாலும் கணக்கு அங்கேதான் வந்து நிற்கிறது. விலகல் கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அதையும் தபாலில் போடுவேன். பெண்களுக்கு நானே சொல்லிவிடுவேன். நாகேஸ்வரியிடம் நேற்று சொல்லியாகிவிட்டது. ஆகவே இந்த மிச்சம் ஊர் முழுவதற்கும் தெரியும், இன்று மாலைக்குள் லண்டனின் மற்றக் கோடியில் உள்ள வெம்பிளிக்கும் போய்ச் சேரும். நீ ஆறுதல் சொல்லத் தொலைபேசி எடுக்காதே. ஆறுதல் சொல்வது எப்படி என்று நான் முதலாம் வருடத்தில் படித்துச் சித்தியடைந்துவிட்டேன். எனக்கு வேலை செய்யவில்லை.

ஷோபாவுக்கும் லக்‌ஷனுக்கும் என் ஆசிகள். நோய்நொடி இல்லாமல், ஒருவரோடொருவர் நேரிலே கதைத்துக்கொண்டு நீடூழி இருங்கள்.

அன்புள்ள அக்கா,
சிவனேஸ்வரி

பி.கு.: இன்று வியாழன். மழையால் தபாற்பெட்டிக்குப் போக முடியவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். திங்கள் பின்னேரம் ஸ்ரீஸ்கந்தராஜா தனியே வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "விட்டிட்டியளாம் ரீச்சர். இனி இது சோதினை இல்லைத்தானே. அப்ப எனக்கு ஒரு தாள் தாங்கோ, இருந்து வடிவா எழுதிறன்" என்றார். அவரை ஏமாற்றக் கூடாது. நீங்கள் எழுதித் தந்தால் நான் விட மாட்டேன், அது படிப்புக்குத்தான் போகும் என்று சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "சரி, எனக்கு மட்டும் தெரிஞ்சால் பரவாயில்லை. மற்றவைக்கு நீங்கள் விட்டிட்டியள் எண்டே சொல்லுங்கோ" என்றார். இருபது கேள்விக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தார். சரி போட்டதை விடக் கதைத்ததே கூட. செவ்வாயன்று நாகேஸ்வரி தனக்கும் ஒரு தாள் கேட்டு வந்தாள், பின்கதவால். நேற்று மூன்று பேர், தனித்தனியே. எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். எல்லோரும் அதையே, மற்றவைக்குச் சொல்லவேண்டாம் என்றே, சொன்னார்கள். நடந்ததைப் பீற்றருக்கு எழுதினேன், பெயரும் பள்ளமும் சொல்லாமல். விசாரணையைத் தை மாதத்துக்குத் தள்ளியிருக்கிறார், முடிவு என்னவாகும் என்று தனக்கே தெரியாதாம்; ஆனால் மடலில் மறுபடியும் 'சிவா'. விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இன்னும் முப்பத்தாறு பேர் வரவேண்டும். ஷோபாவுக்குத் தெரிந்தால் மறுநாளே லண்டனுக்குத் திரும்பி வந்துவிடும்; அவள் கேட்டால், அக்கா படிப்பை விட்டேவிட்டாள் என்று கண்டிப்பாகச் சொல். சங்கத்தில் இதுவரை ஐந்து பேருக்கு உண்மை தெரியும். ஐந்து பேரில் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருக்கிறார்கள்.