நேரா சாரின் முதுகு

கள்ளக்குறிச்சியில் அவர் முதுகைப் பார்க்காத ஆளே கிடையாது. முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு. மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு எடை போட்டு ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் ‘நேரா சார்’.

பல வருட இடுப்புவலி. மாத்திரையும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம், நடங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் பிசியோதெரபி அம்மா. முட்டி போட்டுக் கையூன்றி, ஒரு கையை முன்னாலும் எதிர்க்காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும். இடுப்பு சாயக்கூடாது. அதை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். சார் வீட்டில் யாருமில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் துபாயில்.

ஆகவே ஊர் மாட்டிக்கொண்டது. ரேஷன் கடை வரிசையில் துண்டை விரித்து மண்டி போடுவார். “நேரா இருக்குதா பாருங்க” என்பார் பின்னால் நிற்பவரிடம். கல்யாண மண்டபத்தில் அவர் நீட்டிய கால் தடுக்கி சாம்பார் வாளி கவிழ்ந்தது. மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு வேனில் சுற்றுலா போனோம். நாங்கள் அருவியைப் பார்த்தோம், குரங்குகள் இவரைப் பார்த்தன. தினமும் காலையில் என் ஜெராக்ஸ் கடைக்கும் வந்துவிடுவார். எரிந்து விழுவேன். நான் பார்த்துச் சொல்லும்வரை காலை இறக்க மாட்டார்.

விஷயம் மகன் காதுக்குப் போனது. இனி யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று ஆளுயரக் கண்ணாடி ஒன்று வாங்கி அனுப்பினான். ஊருக்கு நிம்மதி. எனக்கும்தான், இரண்டு நாளைக்கு. அப்புறம் கடை திறந்ததும் கண் தெருவுக்கே போனது. மனசு கேட்காமல் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன்.

கண்ணாடி சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. சார் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, நிமிரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றிருந்தார். பயிற்சியை விட்டுவிட்டாராம். வலி திரும்பி, தொடை வரைக்கும் இறங்கியிருந்தது.

“இன்னா சார், கண்ணாடி சரியா காட்டலியா?” என்றேன்.

“நல்லாத்தான் காட்டுது தம்பி. நானே என்னைப் பாத்துக்கினு எவ்ளோ நேரம் கெடக்கறது?”

பாயை எடுத்து விரித்தேன்.

மறுபடி கடைக்கு வர ஆரம்பித்தார். மாதங்கள் ஓடிவிட்டன. வலி வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது அவர் முதுகின் மேல் டீ டம்ளரை வைத்தாலும் தளும்பாது. தினமும் குனிந்து, ஒரு கண்ணை மூடி, நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்:

“கொஞ்சம் சாயுதுங்க சார். நாளைக்கும் வந்துடுங்க.”