ஏர் ஹாரனும் பாவாயியின் பென்ஷனும்

தாசில்தார் முன்னால் நின்று தன்னைத் தானே முட்டாள் என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்து, அதனாலேயே ஒரு நல்ல காரியத்தை முடித்துக்கொண்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். ஓமலூரில் அவருக்குப் பெயர் ஏர் ஹாரன்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நான் தங்கியிருந்த அறைக்கு எதிரே அவருடைய பஞ்சர் கடை. பல வருஷம் லாரி ஓட்டியவர். இடுப்பு வலி வந்து லாரியை விட்டு இறங்கிவிட்டார். அவருடைய தொண்டை மட்டும் இறங்கவில்லை. காதோடு சொல்கிற ரகசியம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ஒரு நாள் என்னிடம், "தம்பி, எம் மச்சான் வந்தா நான் ஊட்ல இல்லைன்னு சொல்லிப்போடுங்க" என்றார். தெருமுனையில் வந்துகொண்டிருந்த மச்சான், "சரிங்க மாமா, நாளைக்கு வாரேனுங்க" என்று அங்கிருந்தே திரும்பிப் போனார்.

மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள் பாவாயி. இருபத்தைந்து வயதிருக்கும். பிறந்ததிலிருந்தே கையும் காலும் அவள் சொன்னபடி கேட்காது. புத்தி படு கூர்மை. ஆனால் பேச்சு குழறிக் குழறி வரும். அது அப்பாவுக்கு மட்டும்தான் புரியும். உடைப்புக்குப் போன லாரி ஒன்றின் டிரைவர் சீட்டைக் கழற்றி, மூன்று சக்கர வண்டியில் பொருத்தி, அதில் அவளை மகாராணி மாதிரி உட்கார வைத்திருந்தார். வண்டியின் முதுகில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருக்கும். அவர் தள்ளிக்கொண்டு வரும்போது வேறு யாருக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்ததில்லை.

ஊனமுற்றோருக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது, பாவாயிக்கு எழுதிப் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். வந்தார். மனுவில் இருந்த 'ஆதரிப்பார் யாரும் இல்லை' என்ற வரியைப் படித்துக் காட்டியதும் வந்தது வினை.

"ஏனுங்க, நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறனே, அப்பறம் நான் யாருங்க?"

அது வெறும் சம்பிரதாயம் என்று ஹெட் கிளார்க் விளக்கினார். வேண்டுமானால் நான் செத்துவிட்டதாக எழுதிக்கொள்ளுங்கள், உயிரோடு இருந்துகொண்டே மகளைக் கைவிட்டதாக எழுத விடமாட்டேன் என்றார் இவர். சாவுச் சான்றிதழ் இல்லாமல் அப்படியெல்லாம் எழுத முடியாது என்று ஹெட் கிளார்க் மெனக்கெட்டு எடுத்துச் சொன்னார். ஏர் ஹாரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மனுப் போடாமல் திரும்பிய கோபத்தில் பாவாயி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றையும் தள்ளிவிட்டாள். இரண்டு நாளைக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. வண்டியை நேராகத் தாசில்தார் அறைக்கே தள்ளிக்கொண்டு வந்து, எம் புள்ள உங்ககிட்டப் பேசோணுங்கறா என்றார்.

பாவாயி பேசினாள். எங்களுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. அவருக்கு மட்டும் முகம் கறுத்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்கப்பன் ஒரு முட்டாளுங்க."

தாசில்தார் பேனாவை வைத்துவிட்டு, யாருடைய அப்பா என்று கேட்டார்.

"நாந்தானுங்க. அவ சொல்றா, நான் எடுத்துச் சொல்றனுங்க."

ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. பாவாயி சொல்லச் சொல்ல அவர் முழங்கினார். "எங்கப்பனுக்கு ரோசம் சாஸ்திங்க, சம்பாத்தியம் கம்மிங்க. பசிக்கலைன்னு பொய் சொல்லிப்போட்டு, மத்தியானச் சோத்தை எனக்கே ஊட்டி உட்டுர்றாருங்க. அது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்காருங்க." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மகளைத் திரும்பிப் பார்த்து, உனக்கு எப்படித் தெரியும் சாமி என்று கேட்டார்.

அவள் வேறு ஏதோ சின்னதாகச் சொன்னாள். இந்தத் தடவை பெண் என்ன சொல்கிறது என்று தாசில்தார் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"நாளைக்கு எங்கப்பன் இல்லாமப் போயிட்டா, நான் பேசறது யாருக்குங்க புரியும்?"

பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார். அந்தத் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் சொன்னதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவளைத் தவிரக் கண்டுபிடிக்க ஆளில்லை. மனிதர் ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை.

தாசில்தார் நல்லவர். அப்பா இருக்கிறார், காப்பாற்றுகிற அளவுக்கு வருமானம் இல்லை என்று எழுதினால் சம்மதமா என்று கேட்டார். 'அப்பா இருக்கிறார்' என்பதை முதலில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ஏர் ஹாரன் தலையை ஆட்டினார்.

பணம் மணியார்டரில் வந்தது. தபால்காரர் பழக்கதோஷத்தில் அவரிடம் நீட்டினால், சம்பளக்காரங்க அங்க இருக்காங்க என்று பாவாயி உட்கார்ந்திருக்கும் சீட்டைக் காட்டுவார். அரிசி வாங்கலாம் என்று அவர் கெஞ்சினார். முதல் மாதம் சேலைதான் என்று பாவாயி தீர்த்துச் சொல்லிவிட்டாள். தெரிந்த லாரி ஒன்றில் ஏறி இரண்டு பேரும் சேலை நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளைக்குப் போய்க் கிளிப்பச்சையில் ஒரு சேலை எடுத்து வந்தார்கள். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கடைக்காரர் இவரிடம் கேட்டாராம். இவர் கையைக் கட்டிக்கொண்டு, அவங்களையே கேளுங்க என்று விட்டத்தைப் பார்த்து நின்றாராம்.

அதிலிருந்து பஞ்சர் கடையில் புதுச் சட்டம் வந்தது. டயரைக் கொடுத்தவர்கள் பாவாயியிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அவள் சொல்வது புரிகிறவரை டயர் கைக்கு வராது. அவசரமாக மேட்டூர் போகவேண்டிய டிரைவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒருவர் தப்பும் தவறுமாய்ப் பதில் சொல்லி முக்கால் நாள் உட்கார்ந்திருந்தார். முதலில் தேறியவர் தபால்காரர். அப்புறம் இட்லிக்காரம்மா. பிறகு லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக. கொஞ்ச நாளில், பாவாயி சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்தது.

எனக்கு ஆத்தூருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். பாவாயி என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அவள் நிதானமாகச் சொன்னாள்.

"ஓட்டல்ல தின்னு ஒடம்பைக் கெடுத்துக்க வேண்டாங்கறீங்க, அதானுங்களே?" என்றேன்.

பாவாயி சீட்டே குலுங்கச் சிரித்தாள். ஏர் ஹாரன் தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கிக்கொண்டு, குமிழே வராத இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.