வாயைத் திறக்காத விரதம்

கண்டக்டர் அருகில் வந்து வாயைத் திறந்ததுதான் தாமதம், வைகுண்டராஜ் பட்டென்று சொன்னார்: "ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு."

செல்லக்கனி தலையில் கை வைத்துக்கொண்டாள். பஸ் இன்னும் இராஜபாளையத்தைக்கூடத் தாண்டவில்லை.

"இன்னைக்கு யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ஏட்டி, கண்டக்டரா எனக்குப் பென்சன் குடுக்கப் போறாரு?"

"இப்பவே பழகுனாத்தான அங்க வாய் சும்மா இருக்கும்."

பட்டாளத்தில் பீரங்கிப் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. செல்லக்கனி நூல் மில்லில் மெஷின் இரைச்சலுக்குள் வாயசைவிலேயே ஊர்க்கதை பேசுகிறவள். அந்த வித்தையைப் புருஷனுக்கும் பழக்கிவிட்டாள். அதுதான் வினை. போன வருஷம் ஊனப் பென்சனுக்காகச் சோதித்த டாக்டர், கேட்டதற்கெல்லாம் இவர் டக் டக்கென்று பதில் சொல்லவும், 'காது நன்றாகக் கேட்கிறது' என்று எழுதிவிட்டார். பொய் சொல்லிப் பென்சன் கேட்டவர் என்று தெருவே பேசியது. இன்றைய முன்னாள் ராணுவத்தினர் முகாமை விட்டால் வேறு வழியில்லை. காது பார்க்கிற மெஷின் வேறு பழுதாம். டாக்டரே கேள்வி கேட்டுத்தான் முடிவு செய்வாராம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வாயைப் பார்த்தால்தானே பதில் வரும்? எதிரில் இருப்பவர் வாய் தெரியாத அளவுக்குக் கட்டிக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிவிட்டாள்.

முகாம் வாசலில் அட்டெண்டர் பாண்டிதுரை அவரைக் கண்டதும் பதறிப்போய், கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய்க் கண் வரிசையில் உட்கார்த்திவிட்டான். செல்லக்கனி டோக்கன் வாங்கிவிட்டு வருவதற்குள், வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றி, பலகை எழுத்தைக் கடைசி வரி வரை வாசித்து, பார்வை பிரமாதம் என்று சீட்டே வாங்கியிருந்தார்.

"நல்லாத்தான எழுதியிருக்காக," என்றார்.

"நாம வந்தது காதுக்கு."

காது டாக்டர் ஹெப்சிபா, ஓய்வுபெற்ற ராணுவ மேஜர். துணைக்கு ஆள் கூடாது, கறுப்புக் கண்ணாடியும் கூடாது என்று பாண்டிதுரை அதை வாங்கி வைத்துக்கொண்டான்.

"அப்ப ஃபேனைப் பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க," என்று சொல்லி அனுப்பினாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவளுக்கு இருவர் வாயும் தெளிவாகத் தெரிந்தது. பாண்டிதுரை பக்கத்தில் நிற்க, டாக்டர் பெயரைக் கேட்டார். வைகுண்டராஜ் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு மூச்சு வந்தது. டாக்டர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார்.

"எந்த ரெஜிமெண்ட்?"

ஆபீசர் கேட்டால் பொறுப்பாரா? விறைப்பாக எழுந்து நின்றார். "பீரங்கிப் படை, மேடம்."

"இங்க பால்கோவா எங்க நல்லாருக்கும்?"

"கோயில் பக்கம் போங்க மேடம். சூடா இருக்கப்பவே வாங்கிரணும்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"புளிச்சோறு மேடம். வீட்டுக்காரி கோவத்துல உப்பை அள்ளிப் போட்டுட்டா."

கதவுக்கு வெளியே பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அவருக்கு இல்லை.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "தங்கமான மனுசி. எம்புட்டு நேரம் பேசுனாக."

"அம்புட்டும் போச்சு. இனி தெருவுக்குள்ள எந்த மூஞ்சியோட போவேன்?"

பின்னாலேயே கறுப்புக் கண்ணாடியும் சீட்டுமாகப் பாண்டிதுரை வந்தான். "இந்தாங்கக்கா. ரெண்டு காதும் கேக்கலன்னு எழுதிட்டாக."

"என்னய்யா சொல்லுத? அம்புட்டுக் கேள்விக்கும் பதில் சொன்னாரே."

"அதாங்கக்கா. தோளைத் தட்டுனதுலேர்ந்து டாக்டரம்மா சத்தமே குடுக்கல, வாயை மட்டும்தான் அசைச்சாக. பக்கத்துல நின்ன எனக்கே ஒண்ணும் கேக்கல."