நாற்காலிக்கு வழிவிட்ட சாலை

பேரன்புள்ள ஜெனிவீவ் அக்காவுக்கு,

கார்னட் தெரு பதினேழாம் எண் வீட்டிலிருந்து உன் உடன்பிறந்த தம்பி ரேமண்ட் பலேக், மாதாவின் துணையை நம்பி எழுதும் கடிதம். நீயும் அத்தானும் அரிசோனா வெயிலில் சுகமாகக் காய்ந்துகொண்டிருப்பீர்கள். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா பொய் எழுத மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரி லொரெட்டாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றிப் பதினோரு நாள் ஆகிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வருகிற வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சந்தோஷமான செய்திதான். ஆனால் அவளை வாசலில் கொண்டுவந்து இறக்க எனக்கு இடமில்லை, அக்கா. நாற்பது வருஷமாக என் கார் நின்ற இடம் போய்விட்டது. பறித்துக்கொண்டது யார் தெரியுமா? அம்மாவின் நாற்காலி!

எந்த நாற்காலி என்று தெரியாத மாதிரி கேட்காதே. அம்மாவின் சமையலறையில் இருந்த நான்கு மஞ்சள் நாற்காலிகளில் நல்லதாக மூன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கால் வளைந்த ஒன்றை மட்டும் பெரிய மனசு பண்ணி எனக்கு விட்டுப்போனாயே, அதுதான். "வளைச்சவனுக்கு வளைஞ்சது" என்று ஒரு வார்த்தை வேறு சொன்னாய். நான் வளைக்கவில்லை என்று அறுபது வருஷமாகச் சொல்கிறேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன், அது கிடக்கட்டும். உட்கார்ந்தால் ஆடுகிறதே என்று அதைத் தெருவேலைக்குப் போட்டேன். பனி கொட்டின மறுநாள் முதுகு ஒடிய வாரித்தள்ளி, கார் நிற்க ஓர் இடத்தைச் சுத்தம் செய்து, வெளியே போகும்போது நடுவில் நாற்காலியை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்வரை அந்த இடம் நம்முடையது. உன் மருமகனுக்கு இந்த நியாயம் புரியாது, இடத்துக்குத் துண்டு போடுகிற மாதிரி என்று சொல்லிவை. நம் ஊரில் கொலையைக்கூட மன்னிப்பார்கள், அடுத்தவன் நாற்காலியை நகர்த்தினவனுக்கு மன்னிப்பு கிடையாது. பனிக்காலத்துக்கு மட்டும்தான் இந்த உரிமை என்று சிலர் சட்டம் பேசுவார்கள். நான் கோடையிலும் வைப்பேன், என்னை எவன் கேட்பது?

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், போன வசந்தத்தில் கதவில் ஒரு தாள் தொங்கியது. 'உங்கள் தெரு மேம்படுகிறது!' என்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார்கள். நம் தெருவில் இப்போதெல்லாம் எதுவும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. ஆணிக்கடை இருந்த இடத்தில் காப்பிக்கடை, சலூன் இருந்த இடத்தில் நாய்க்குச் சலூன். நமக்கு ஞானஸ்நானம் நடந்த புனித ஹெட்விக் கோயில், சுவர் ஏறிப் பழகும் கூடமாகிவிட்டது. பீடம் இருந்த சுவரில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். மேலே போக இதுதான் வழி என்று அன்றைக்குப் பாதிரியார் சொன்னதை இவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் போல.

அந்தத் தாளில் அழைத்திருந்த கூட்டமும் அங்கேதான். நகராட்சியிலிருந்து மிஸ் விட்லாக் என்று ஓர் இஞ்சினியர் பெண், வெளியூர்க்காரி, சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். பிறகு தெருவின் படத்தைச் சுவரில் விரித்து, ஆளுக்குப் பத்துப் பச்சைப் பொட்டும் பத்துச் சிவப்புப் பொட்டும் கொடுத்து ஒட்டச் சொன்னாள். விளக்கமும் சொன்னாள்தான், நான் அப்போது பலகார மேஜைப் பக்கம் இருந்தேன். முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டினவனுக்குப் பச்சை என்றால் 'எல்லாம் சரி, இப்படியே விடு' என்றுதான் அர்த்தம். என் பத்தையும் லொரெட்டாவின் பத்தையும் சேர்த்து இருபது பச்சைப் பொட்டை என் வீட்டு வாசலில் நெருக்கி ஒட்டிவிட்டு, இடம் காப்பாற்றப்பட்டது என்று நிம்மதியாக வந்து தூங்கினேன். 'இந்த இடத்தில் புதிதாக ஏதாவது செய்யுங்கள்' என்பதுதான் பச்சையின் அர்த்தம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

லொரெட்டாவை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன அன்று காலை வழக்கம்போல நாற்காலியை வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தால் தெரு முழுக்கப் பச்சைச் சாயம். நடைபாதையை ஒட்டி மேட்டிலிருந்து பள்ளம்வரை சைக்கிள் பாதை, கார் ஏறாமலிருக்க அதன் ஓரமாக வரிசையாகக் கம்பங்கள். எவன் வாசலிலும் கார் நிற்க ஓரடி இடமில்லை. ஆனால் என் வீட்டுக்கு முன்னால் மட்டும் அந்தப் பாதை முழங்கை மாதிரி மடங்கி, நடுத்தெருப் பக்கம் ஒரு வளைவு போட்டு, மறுபடி ஒழுங்காகப் போகிறது. வளைவுக்கு உள்ளே தனியாக, ராஜா மாதிரி, அம்மாவின் நாற்காலி. சாயம் பூசின கூட்டத்துக்குத் தலைவன் சல் டிமார்க்கோ, ரொட்டிக்கடைக்காரர் மகன், உனக்கும் தெரிந்த பயல்தான். டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தான்.

"என்னடா சல், இது என்ன கோலம்?"

"அண்ணே, நாற்காலி இருந்துச்சு."

"அது எனக்கே தெரியும், நான்தான் வெச்சேன். பாதை ஏன்டா வளைஞ்சிருக்கு?"

"படத்துல நேராத்தாண்ணே இருந்துச்சு. படத்துல நாற்காலி இல்லியே. அடுத்த வீட்டு நாற்காலியத் தொட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா சும்மா விடுமா? ஐம்பத்தி மூணு வயசுல என்னால செருப்படி வாங்க முடியாதுண்ணே. அதான் பசங்ககிட்ட சுத்திப் போங்கடான்னுட்டேன்."

"நல்லாயிருப்படா!"

"நாற்காலிக்கு மட்டுமில்ல, உங்க ப்யூக் வண்டி நீளத்துக்கே விட்டிருக்கோம். அளக்கவா வேணும்? இருபது வருஷமாப் பாக்குறோமே. நீங்க உள்ள வரவும் போகவும் ரெண்டு கம்பத்தக் கொறச்சிருக்கேன். அண்ணிக்கு இப்ப எப்படியிருக்கு?"

அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அக்கா. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்கு நாள் அந்தத் தெருவிலேயே கார் நிறுத்த இடம் வைத்திருந்த ஒரே மனிதன் நான்தான். காப்பிக்கடை வாசலில் நின்றவர்களெல்லாம் யாரோ நகராட்சித் தலைவர் வீடு போல என்று பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

ஐந்தாம் நாள் மிஸ் விட்லாக் சைக்கிளில் வந்து அந்த வளைவில் பிரேக் போட்டாள். கார் அப்போது வெளியே போகத் தயாராக நின்றது, நாற்காலியை நான் கையில் தூக்கிக்கொண்டு நின்றேன். அப்படியே ஓடி ஒளிந்திருக்கலாம். புத்தி வரவில்லை.

"சார், இந்த நாற்காலி இங்க வெக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?"

"எனக்குத்தான். எப்பவுமே நான்தான் வைப்பேன்," என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அப்ப அந்த இருபது பச்சைப் பொட்டு..."

"அதுவும் நான்தான்!"

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சார், ஆறு வருஷமா இந்த வேலை பாக்குறேன். எல்லாரும் என்கிட்ட கத்திட்டுத்தான் போவாங்க. தெருவுல நாலு பேர் உக்காரட்டும்னு சொந்த நாற்காலியக் கொண்டுவந்து வெச்ச மொத ஆள் நீங்கதான்," என்றாள். இல்லையம்மா, இது உட்கார வைத்த நாற்காலி இல்லை, எவனும் உட்காராமல் இருக்க வைத்த நாற்காலி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் படம் எடுத்து, அளவு எடுத்து, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். நம் தெருவில் குழாய் உடைந்தால் வந்து பார்க்க ஆறு மாதம் ஆகும். நாற்காலிக்கு இரண்டே நாள்! ஒரு வண்டியில் வந்தார்கள், காரை எடுக்கச் சொன்னார்கள், வளைவுக்குள் பலகைத் தளம் போட்டார்கள், நாலு பூந்தொட்டி வைத்தார்கள், குறைந்திருந்த இரண்டு கம்பத்தையும் நட்டார்கள், நாற்காலியின் நாலு காலையும் தளத்தோடு சேர்த்து முடுக்கினார்கள். வளைந்த காலுக்குக் கீழே ஒரு கட்டை வேறு கொடுத்து முடுக்கியதில் அது ஆடுவதையே நிறுத்திவிட்டது. பக்கத்தில் ஒரு பலகை: 'யாரும் உட்காரலாம்.' சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். இப்போது என்னாலும் அந்த நாற்காலியைத் தொட முடியாது. அம்மா உருளைக்கிழங்கு உரித்த நாற்காலியில் தபால்காரர் வந்து பாதி சாண்ட்விச் தின்கிறார், சுவர் ஏறுகிறவர்கள் வந்து செருப்பு மாற்றுகிறார்கள். பக்கத்து வீட்டுத் தாடிக்காரப் பையன் ட்ரெவர், சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாதவன், தினம் காலையில் அதில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு, "ரொம்ப நன்றி மிஸ்டர் பலேக்!" என்று என் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுகிறான்.

வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி அவளை இறக்கிவிட்டுப் போயேன் என்பாய். அக்கா, சாலையில் மிச்சமிருப்பது ஒரே வரிசை, பின்னால் பேருந்து நிற்கும். நடுவழியில் நிறுத்துகிறவனை ஒரு பேருந்து ஓட்டுநர் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷம் நான் சொன்னவன். இனிமேல் கோயிலுக்குப் பின்னால்தான் காரை விட வேண்டும். நடந்து எண்ணிப் பார்த்தேன், என் காலுக்கு அறுபத்துநாலு தப்படி, அதற்கப்புறம் நம் வாசலின் பதினோரு படி. லொரெட்டாவோ ஆஸ்பத்திரியிலிருந்து போனில் என்னைக் கிண்டல் செய்கிறாள்.

"ரே, நீ ஒரு நாற்காலிகூடச் சண்டை போடுறியாமே?"

"யாரு சொன்னது?"

"ட்ரெவர்தான். சூப்பு கொண்டுவந்தான். நாற்காலி ஜெயிக்கிற மாதிரி இருக்குன்னான்."

சிரிக்கட்டும். என் கவலை வேறு. அறுபத்துநாலு தப்படி நடந்த அலுப்பில் அவள் எப்படியோ மேலே ஏறிவிட்டாளென்றால், அப்புறம் கீழே இறங்கவே மாட்டாள். எதிர்வீட்டு மில்ட்ரெட் அப்படித்தான் ஒரு நாள் மாடிக்குப் போனாள், மூன்று வருஷம் ஜன்னல் வழியாகவே கையாட்டிக்கொண்டிருந்தாள், கடைசியில் படுக்கையோடு இறக்கினார்கள். லொரெட்டா அப்படி ஆகிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

ஆகையால் உன்னிடம் ஓர் உதவி. வருகிற மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நகராட்சியில் மக்கள் கருத்துக் கேட்கிறார்கள். இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். 'அந்த நாற்காலி எங்கள் தாயார் சொத்து, பொதுமக்கள் உட்கார நாங்கள் கொடுக்கவில்லை, உடனே கழற்றி இடத்தை என் தம்பிக்குத் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதியிருக்கிறது. மூத்தவள் நீ, கையெழுத்துப் போட்டு அனுப்பு. இந்த ஒரு தடவையாவது என் பக்கம் நில். கால் யார் வளைத்தது என்ற பேச்சை அதில் சேர்க்காதே, அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் என் ஆசி. மாதா உங்கள் எல்லோருக்கும் நிழலும் நிறுத்த இடமும் தரட்டும்.

இப்படிக்கு,
இடம் இழந்த உன் தம்பி
ரேமண்ட்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எழுதி ஒன்பது நாள் ஆகிறது. மூலையில் இருந்த தபால் பெட்டியையும் மேம்படுத்திவிட்டார்கள், அதாவது காணோம். அதுவும் நல்லதற்குத்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே, கிழித்துவிடு. வியாழக்கிழமை லொரெட்டா கைப்பிடி வண்டியைத் தள்ளிக்கொண்டு அறுபத்துநாலு தப்படியையும் நடந்தாள், அவள் காலுக்கு அது நூற்றுப்பத்து. படிக்கு முன்னால் மூச்சு வாங்கியது, நாற்காலி அங்கேயே இருந்தது, உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷத்தில் எழுந்திரு என்றேன். ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தபால்காரர் வந்தார், ட்ரெவர் வந்தான், சல் நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான், பின்னால் பேருந்து கத்தியது, அந்த ஓட்டுநரும் நமக்குத் தெரிந்தவர்தான், அவரும் நலம் விசாரித்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு, "நேத்து அந்தத் தபால்காரர் மக கல்யாணக் கதையப் பாதியில விட்டுட்டாரு" என்று சொல்லிக்கொண்டு பதினோரு படியும் தானே இறங்கினாள். அதிலிருந்து தினமும் இறங்குகிறாள். நேற்று மிஸ் விட்லாக் வந்து தட்டில் பிரோகிக் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள், அப்போதும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கருத்துக் கேட்பில் பேச லொரெட்டாதான் பெயர் கொடுத்திருக்கிறாள். ஒரு நாற்காலி பத்தாது என்று பேசப்போகிறாளாம். பத்தாதுதான், அக்கா. அவள் உட்கார்ந்திருக்கிறாள், நான் தினமும் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், என் இடுப்புக்கும் வயசாகிறது. அம்மாவின் மற்ற மூன்று நாற்காலிகளையும் அனுப்பு, முடிந்தால் நீயும் கூடவே வந்து ஒன்றில் உட்கார். நீ கேட்டுக்கொண்டிருந்ததை இப்போது எழுத்திலேயே தருகிறேன்: அலமாரிமேல் இருந்த மிட்டாய் டப்பாவை எடுக்க அந்த நாற்காலியில் ஏறிக் குதித்தேன். காலை வளைத்தது நான்தான்.