குண்டுகளின் வரலாறும் காளியம்மாள் கிளப்பிய புரளியும்

மனிதகுலத்தின் தலைசிறந்த சாதனை வெடிகுண்டுதான் என்பதைப் பணிவோடு அறிவிக்கிறேன். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் மனிதனை உட்கார வைத்தான். குண்டைக் கண்டுபிடித்தவனோ ஓட வைத்தான். எது முன்னேற்றம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்தப் பேருண்மை எனக்கு விளங்கிய இடம் ஓசூர் தொழிற்பேட்டையில் ‘அமைதி பிரிசிஷன்’ நிறுவனத்தின் வண்டி நிறுத்துமிடம். அங்கே நான் மனிதவள அதிகாரி. அன்று காலை எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் ஆலையில் குண்டு வைத்திருக்கிறோம். மதியம் வெடிக்கும். நன்றி.’

பெங்களூரில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இப்படி வந்தபோது நமக்கு வரவில்லையே என்று வருந்தியவர் எங்கள் முதலாளி பிரதாப். இப்போது அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நாமளும் பெரிய கம்பெனி ஆயிட்டோம்யா!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சங்கு ஊதி எல்லோரையும் வெளியேற்றினோம். கேன்டீன் நடத்தும் சரோஜம்மாள் மட்டும் நகர மறுத்தார்.

“அடுப்புல சாம்பாரு கொதிச்சினு இருக்குது சார். குண்டு மதியானந்தான் வெடிக்கும். சாம்பாரு இப்பவே அடிபுடிச்சிக்கும்.”

கடைசியில் அவரை அண்டாவோடு வெளியே கொண்டு வந்தோம். ‘பாதுகாப்பான வெளியேற்றம்’ இனிதே நிறைவுற்றது. வெடிகுண்டு நிபுணர்கள் ஒரு மோப்ப நாயுடன் உள்ளே போனார்கள்.

ஊழியர்களின் நேரம் வெயிலில் வீணாவதை எந்த முதலாளியால் தாங்க முடியும்? பிரதாப் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி மைக்கைப் பிடித்தார். தலைப்பு: ‘குண்டுகள்: ஒரு விழிப்புணர்வு’.

“முதல்ல சீனாக்காரன் மூங்கில் குழாய்ல மருந்தைக் கெட்டிச்சு வெடிச்சான். அப்புறம் இரும்பு உருண்டை வந்துச்சு. நம்ம மைசூர்ப் படை இரும்புக் குழாய்ல வாணம் விட்டுது. வெள்ளைக்காரன் அதைப் பார்த்து மிரண்டு, அப்புறம் அவனே செஞ்சான். பெருமையா இல்லை?”

கைதட்டினோம்.

“விமானம் வந்த புதுசுல பைலட் குண்டைக் கையாலயே தூக்கிப் போட்டாரு. எவ்வளவு கஷ்டம் பாருங்க! அப்புறம் ஊரையே கொளுத்தற குண்டு. அப்புறம் அணுகுண்டு. அப்புறம் வயித்துக்குள்ள நூறு குட்டி வெச்ச கொத்துக்குண்டு.”

“ஒரே பிரசவத்துல நூறா?” என்றார் சரோஜம்மாள், சாம்பாரைக் கிளறியபடி.

“கடைசியா வந்தது ட்ரோன் குண்டு. தக்காளி மாதிரி சின்னது. ஆனா பின்னால வால் இல்லேன்னா ஆடி ஆடித் தப்பான வீட்டு மேல விழுந்துடும். வால் இருந்தா சரியான வீட்டு மேல விழும்.” உற்சாகத்தில் சட்டைப்பையிலிருந்து பளபளக்கும் ஒரு தகட்டு வாலையே எடுத்துக் காட்டினார்.

அப்போதுதான் காளியம்மாள் எழுந்து நின்றார்.

காளியம்மாள் மெருகேற்றும் பிரிவில் வேலை செய்பவர். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் தங்கையைப் பறிகொடுத்து, இனி வெடி சம்பந்தப்பட்ட வேலைக்குப் போவதில்லை என்று கிளம்பி இங்கே வந்தவர். வேலையில் சேரும்போது நான்தான் சொன்னேன், இது ட்ரோனிலிருந்து ‘மருந்து’ போடுவதற்கான உதிரி பாகம் என்று. அவர் பூச்சி மருந்து என்று புரிந்துகொண்டார். நிர்வாகம் யாருடைய புரிதலிலும் தலையிடுவதில்லை.

“சார், அது நான் பாலிஷ் போடுற வாலுல்ல?”

“ஆமாம்மா! உன் கைவண்ணம்தான்!” என்றார் பிரதாப் பெருமிதமாக.

“பூச்சி மருந்துன்னு சொன்னீக?”

“வால் வெடிக்காதும்மா. வெடிக்கிறது முன்பக்கம். அது வேற கம்பெனி.”

“எங்க ஊருல திரி மட்டும் செஞ்சவளுந்தான் செத்தா சார். எந்தங்கச்சிய வளையல வச்சுத்தான் கண்டுபிடிச்சோம்.” கையுறை போட்ட இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். “இந்தக் கையால எத்தனை வீட்டு மேல போட்டேனோ...”

சோகம்தான். ஆனால் உரையின் பொருளுக்குத் தொடர்பில்லாதது. உட்காரும்படி கேட்டுக்கொண்டேன். அவர் உட்காரவில்லை.

அந்நேரம் நாயும் நிபுணர்களும் வெளியே வந்தார்கள். “குண்டு எதுவும் இல்லை” என்றார் அதிகாரி. எல்லோரும் கைதட்டினார்கள்.

காளியம்மாள் நேரே அவரிடம் போனார். “இருக்குய்யா. ஸ்டோர்ல பெட்டி பெட்டியா இருக்கு. வாங்க, காட்டுறேன்!”

‘இருக்கு’ என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. மொத்தக் கூட்டமும் நெடுஞ்சாலையை நோக்கி ஓடியது. அனைவருக்கும் முன்னால் ஓடியவர் பிரதாப். அண்டா கவிழ்ந்து சாம்பார் வண்டிகளுக்கடியில் ஓடிற்று.

கடமை கருதி நான் ஸ்டோருக்குப் போனேன். நாய் ஒரு பெட்டியை முகர்ந்து கொட்டாவி விட்டது.

“இது வெறும் தகடும்மா. மருந்து இருந்தாத்தான் குண்டு” என்றார் அதிகாரி.

“மருந்து எங்கய்யா வைப்பாக?”

“வெளி மாநிலத்துல.”

“அப்ப அங்க போயி நாய விடுங்க.”

“ஜூஜுவாடி செக்போஸ்ட்டோட நம்ம மாநிலம் முடிஞ்சுடுது, எங்க எல்லையும் முடிஞ்சுடுதும்மா.”

காளியம்மாள் கையுறைகளைக் கழற்றினார். குழாயடியில் நின்று இரண்டு கைகளையும் வெகுநேரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு வாசலைத் தாண்டிப் போய்விட்டார். இப்போது பாகலூரில் ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிப்பதாகக் கேள்வி. விரலெல்லாம் முள் குத்துகிறதாம். எங்கள் வால்களை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும், அத்தனை வழவழப்பு.

அன்று மாலையே பெட்டிகள் லாரி ஏறின. பிரதாப்புக்குச் சிறந்த ஏற்றுமதியாளர் விருது கிடைத்தது. குண்டு வைத்ததாகப் பொய் சொன்னவன் இன்றுவரை அகப்படவில்லை. குண்டு இருக்கிறது என்று உண்மை சொன்னவர் எங்கள் கையிலேயே அகப்பட்டார். புரளி கிளப்பிய குற்றத்துக்காக அவரை வேலையை விட்டு நீக்கினோம்.